சோலார் பேனலும் பேட்டரியும் காட்டும் அறிகுறிகள்: கை வைக்கும் முன் எதைப் பார்ப்பது?

வீட்டு வயரிங்கில் கோளாறு என்றால் மெயினை இறக்கிவிட்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம். சோலாரில் அந்த நிம்மதி கிடையாது. வெளிச்சம் பட்டாலே பேனல் மின்சாரம் தரும். பேட்டரி (இங்கே சொல்வதெல்லாம் ஈயமும் ஆசிட்டும் உள்ள வகை பற்றி) ராத்திரி பகல் பார்க்காமல் தரும். இரண்டுக்குள்ளும் அணைக்கிற சுவிட்ச் என்று ஒன்று இல்லை. நாம் இறக்குகிற பிரேக்கர் வயரை நடுவில் துண்டிக்கிறது, அவ்வளவுதான். பேனலிலிருந்து வரும் முனையிலும் பேட்டரியிலிருந்து வரும் முனையிலும் சப்ளை அப்படியே நிற்கும்.

அதனால் கீழே சொல்லும் எந்த அறிகுறியாக இருந்தாலும், என்ன கோளாறு என்று யோசிப்பதற்கு முன் ஒரு கேள்வி: இந்த நிமிடம் எங்கெங்கே இன்னும் சப்ளை இருக்கிறது? அதற்குப் பதில் தெரியாமல் ஸ்பானரை எடுக்காதீர்கள்.

முதலில் கையைப் பாருங்கள்

மோதிரம், வாட்ச், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். "வெறும் 12 வோல்ட்தானே" என்பார்கள். 12 வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் பெரிய பேட்டரியின் உள் தடை சில மில்லி ஓம்தான். 5 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், டெர்மினல் இரண்டையும் ஓர் இரும்புத் துண்டு தொட்ட நொடியில் 12.6ஐ 0.005ஆல் வகுத்தால் வரும் கரண்ட் பாயும்: கிட்டத்தட்ட 2,500 ஆம்பியர். அந்த இரும்புத் துண்டு உங்கள் மோதிரமாக இருந்தால் அது விரலிலேயே பழுக்கும்.

என் பெட்டியில் ஒரு 13ஆம் நம்பர் ஸ்பானர் இருக்கிறது. அதன் வால் பக்கம் நெல்மணி அளவு ஒரு குழி. பாசிட்டிவ் நட்டை இறுக்கும்போது வால் போய் நெகட்டிவ் டெர்மினலைத் தொட்டது. ஒரு நீல வெளிச்சம், ஒரு "டப்", அப்புறம் ஈயமும் இரும்பும் கருகிய வாடை. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. அன்றைக்கே ஸ்பானர்களின் வாய் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மற்ற இடமெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். நீங்கள் குழி விழும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் அப்போது கை வைக்காத மற்ற பேட்டரிகளின் மேல் ஒரு ரப்பர் மேட்டையும் போட்டு மூடிவிடுங்கள்.

நிறுத்தும் வரிசையும் முக்கியம். முதலில் லோடு (விளக்கு, ஃபேன் போன்றவை), அப்புறம் இன்வெர்ட்டர், அதன் பிறகு பேனல் ஐசொலேட்டர் (பேனல் வயரைத் துண்டிக்கும் சுவிட்ச்), கடைசியில் பேட்டரி. திரும்பப் போடும்போது தலைகீழ்: பேட்டரி முதலில், பேனல் பின்னால். சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) பேட்டரியைப் பார்த்துத்தான் இது 12 வோல்ட் அமைப்பா, 24ஆ என்று புரிந்துகொள்கிறது. பேட்டரியை முதலில் கழற்றிவிட்டால் பேனலின் மொத்த வோல்ட்டேஜும் கன்ட்ரோலர் தலையில் இறங்கும். பல கன்ட்ரோலர்கள் செத்துப்போவது இப்படித்தான்.

அழுகிய முட்டை நாற்றம் வருகிறது

இந்தப் பட்டியலில் மிக அவசரமானது இதுதான். பேட்டரி அறைக்குள் நுழைந்ததும் அந்த வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தட்டாதீர்கள். விளக்கும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். சார்ஜ் போவதை வெளியிலிருந்து நிறுத்துங்கள்: பேனல் ஐசொலேட்டர் வெளிச்சுவரில் இருந்தால் அங்கே, மெயின் லைனிலிருந்தும் சார்ஜ் ஆகிறதென்றால் அந்த லைனை மெயின் போர்டில். சுவிட்ச் எல்லாம் பேட்டரிக்கு மேலேயே மாட்டியிருந்தால், காற்று நன்றாக ஓடிய பிறகுதான் அதன் அருகே போக வேண்டும். (அப்படி மாட்டியிருந்தால் அதுவே ஒரு கோளாறு, இடம் மாற்றுங்கள்.)

அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைட். விஷ வாயு. இதில் ஒரு வில்லங்கம் உண்டு: அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "இப்போது நாற்றம் குறைந்துவிட்டது" என்று உள்ளே போவது அதனால்தான் ஆபத்து. கூடவே ஹைட்ரஜனும் வந்துகொண்டிருக்கும். அதற்கு வாடையே கிடையாது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

4 சதவீதம் சேர எவ்வளவு நேரம் ஆகும்? பேட்டரி நிறைந்த பிறகும் ஏறுகிற ஒவ்வொரு ஆம்பியர்-அவருக்கும் (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்வது) ஒரு செல், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் ஓர் அறை, கிட்டத்தட்ட 0.45 லிட்டர் ஹைட்ரஜனை விடும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல். 10 ஆம்பியர் ஒரு மணி நேரம் போனால் 27 லிட்டர். பேட்டரியை 500 லிட்டர் கொள்ளளவுள்ள அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால், 20 லிட்டரிலேயே 4 சதவீதம் வந்துவிடும். ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஹைட்ரஜன் மேலே போகும் வாயு என்பதால் காற்றுத் துளை கூரையை ஒட்டி இருக்க வேண்டும். தரையோரத்தில் மட்டும் ஓட்டை போட்டு வைப்பதில் பயனில்லை.

சரி, ஏன் இப்படி ஆகிறது? பெரும்பாலும் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கும். சார்ஜர் எட்டப் பார்ப்பது ஆறு செல்லுக்கு 14.4 வோல்ட், அதாவது ஆளுக்கு 2.4. ஒன்று செத்துவிட்டால் மிச்சம் ஐந்து. அந்த ஐந்தும் நிறைந்து பொங்கினால்கூட மொத்தம் 13, 13.5 வோல்ட்டைத் தாண்டுவது கஷ்டம். சார்ஜருக்கு 14.4 தெரியவில்லை, அதன் கணக்கில் பேட்டரி இன்னும் நிறையவில்லை. அதனால் முழு கரண்ட்டையும் தள்ளிக்கொண்டே இருக்கும். பாவம், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நல்ல ஐந்து செல்களும் கொதித்து, தண்ணீர் வற்றி, நாற ஆரம்பிக்கும்.

உறுதி செய்ய, காற்றோட்டம் வந்து, பேட்டரி ஆறி, சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு வோல்ட் பாருங்கள். நல்ல பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 முதல் 12.8. பாதி என்றால் 12.2 அளவில். எவ்வளவு சார்ஜ் ஏற்றியும் 10.5 பக்கமே நிற்கிறதென்றால் ஒரு செல் போயிற்று. தண்ணீர் ஊற்றுகிற வகையாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி) இன்னும் தெளிவாகச் சொல்லும்: நிறைந்த செல்லில், தயாரிப்பைப் பொறுத்து, 1.240 முதல் 1.280 வரை இருக்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 கீழே நின்றால் அதுதான் குற்றவாளி. அந்த பேட்டரியை மாற்றியாக வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்பதற்கு இடமில்லை.

எல்லா செல்லும் ஒரே மாதிரி இருந்தும் நாற்றம் வந்தால், சார்ஜர் செட்டிங்கைப் பாருங்கள். சீல் செய்த பேட்டரிக்கு யாரோ ஈக்வலைஸ் (செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டில் சார்ஜ் ஏற்றுவது) வைத்திருப்பார்கள்.

பேட்டரி சுடுகிறது

எது சுடுகிறது என்று பிரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உடம்பா, டெர்மினல் மட்டுமா? புறங்கையை உடம்புப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டெர்மினலை அருகில் காட்டி அனலை உணர்ந்தால் போதும், தொட வேண்டாம்.

டெர்மினல் மட்டும் சுட்டால் இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை, அதாவது வயரை நசுக்கிப் பிடிக்கவில்லை. லோடு ஓடும்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் ஈயத் தூணிலும் மறு முனையைக் கேபிள் லக்கிலும் வையுங்கள். அரை அங்குல தூரம்தான். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.8 வோல்ட் காட்டுகிறது, 80 ஆம்பியர் ஓடுகிறது என்றால், அந்த அரை அங்குலத்தில் 64 வாட் எரிந்துகொண்டிருக்கிறது. ஈயம் உருக்க நாம் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் அதைவிடச் சின்னது. இறுக்க வேண்டும்தான், ஆனால் லோடும் சார்ஜும் ஓடும்போது இல்லை. தளர்ந்த நட்டைத் தொட்டு ஆட்டினால் அங்கேயே பொறி பறக்கும், பக்கத்திலேயே ஹைட்ரஜன் வரும் மூடி. எல்லாவற்றையும் நிறுத்தி, பத்து நிமிடம் காற்று ஓட விட்டு, அப்புறம் இறுக்குங்கள்.

உடம்பே சுட்டு, பக்கவாட்டில் உப்பியிருந்தால் அது வேறு கதை. சீல் செய்த பேட்டரியில் சூடு ஏற ஏற அது இன்னும் அதிகமாக கரண்ட் இழுக்கும். இழுக்க இழுக்க இன்னும் சூடேறும். சார்ஜை வெட்டுங்கள். அவ்வளவுதான், வேறு எதுவும் செய்யாதீர்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பது, தூக்கி வெளியே வைப்பது, மூடியை நெம்பித் திறப்பது எதுவும் வேண்டாம். சூடாக இருக்கும்போது உப்பிய பெட்டி எங்கே விரியும் என்று தெரியாது. முழுக்க ஆறியபின் எடுத்து மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக மாற்றும் பேட்டரிக்கும் அதே கதி வராமல் இருக்க, சார்ஜர் வெப்பநிலையைக் கணக்கில் எடுக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் வோல்ட்டேஜ்கள் 25 டிகிரிக்குச் சொல்லப்பட்டவை. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் செல்லுக்கு 4 மில்லிவோல்ட் அளவில் குறைக்க வேண்டும். அறை 40 டிகிரி என்றால் 14.4 என்பது 14.04 ஆக வேண்டும். சென்சார் வயர் பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன்.

டெர்மினலில் வெள்ளை அல்லது நீலப்பச்சைப் பொடி

வெள்ளை ஈய சல்ஃபேட், நீலப்பச்சை தாமிர சல்ஃபேட். இரண்டும் ஆசிட் கசிகிறது என்பதன் அடையாளம். வாயால் ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் சுரண்டித் தூசியாக்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டு, செல் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். நுரைப்பது நிற்கும் வரை துடைத்தால் போதும். சோடா ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது. போனால் உள்ளிருக்கும் ஆசிட்டைத்தான் கெடுக்கும். வாஸ்லைன் தடவுவது டெர்மினலை இறுக்கிய பிறகு, மேல்பூச்சாக.

ஆசிட் மேலே பட்டுவிட்டது

கண்ணில் பட்டால் வேறு எதுவும் யோசிக்காமல் தண்ணீர். இமையை விரலால் விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம். அப்புறம் நேராக மருத்துவரிடம். எரிச்சல் நின்றுவிட்டது என்று ஐந்தே நிமிடத்தில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தோலில் பட்டாலும் தண்ணீர்தான், பட்ட சட்டையைக் கழற்றிவிட்டு. சோடா தரைக்கு மட்டும். தோலுக்கும் கண்ணுக்கும் இல்லை.

பருத்தித் துணியில் தெறித்தது அந்த நேரம் தெரியாது. அடுத்த சலவையில் சல்லடையாக வரும்போதுதான் எங்கெங்கே பட்டிருந்தது என்று தெரியும்.

தண்ணீர் அடிக்கடி குறைகிறது

சார்ஜ் வோல்ட்டேஜ் கூடுதலாக இருக்கிறது, அல்லது அறை சூடு. ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும், சார்ஜ் முடிந்த பிறகு. சார்ஜுக்கு முன் கழுத்து வரை ஊற்றினால் பொங்கி ஆசிட்டாக வெளியே வழியும். தட்டுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், அவை மூழ்கும் வரை முதலில் கொஞ்சம் ஊற்றி, மிச்சத்தை சார்ஜுக்குப் பிறகு ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள், வற்றியது தண்ணீர், ஆசிட் உள்ளேதான் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்க டார்ச். தீக்குச்சி கிழித்துப் பார்த்தவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு.

சார்ஜ் ஃபுல் என்று காட்டுகிறது, விளக்கு போட்டதும் படுத்துவிடுகிறது

தட்டுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டிருக்கும், அல்லது வரிசையில் ஒரு பேட்டரி மட்டும் நோஞ்சான். லோடு கொடுத்தபடியே ஒவ்வொரு பேட்டரியின் வோல்ட்டையும் தனித்தனியாக அளந்தால், எது சட்டென்று இறங்குகிறதோ அதுதான். அதை மட்டும் புதிதாக மாற்றத் தோன்றும். வரிசையில் பழையதும் புதியதும் கலந்தால் ஒரே கரண்ட்டில் ஒன்று பொங்கும், இன்னொன்று பட்டினி கிடக்கும். மேலே சொன்ன முட்டை நாற்றத்துக்கே திரும்ப வந்து சேர்வோம்.

பேனல் கனெக்டரைப் பிரிக்கும்போது பொறி பறக்கிறது

நிறுத்தாமல் பிரித்திருக்கிறீர்கள். ஏசி மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். தொடும் இடத்தில் பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு. டிசிக்கு அப்படி ஒரு மூச்சு விடும் இடமே இல்லை. முனைகளை விலக்க விலக்க நெருப்பு நூல் மாதிரி நீளும். 40 வோல்ட் பேனல் பத்து வரிசையில் இருந்தால் 400 வோல்ட். குளிர்ந்த காலையில் இன்னும் கூடும்: 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.3 சதவீதம்.

"ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போய்விடுமே" என்ற பேட்டரி நியாயம் பேனலிடம் செல்லாது. பேனலின் ஷார்ட் கரண்ட், அது வழக்கமாகத் தரும் கரண்ட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரே ஒரு ஸ்ட்ரிங் (வரிசையாக இணைத்த பேனல்கள்) இருந்தால் ஃபியூஸுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. பொறி மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

ஆகவே வரிசை: இன்வெர்ட்டரை நிறுத்துங்கள், டிசி ஐசொலேட்டரை இறக்குங்கள், டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட்டை அளப்பது) ஒவ்வொரு வயரிலும் பூஜ்யம் என்று பாருங்கள், அப்புறம்தான் பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரை அதன் சாவியால் பிரியுங்கள். கரண்ட் பூஜ்யம் ஆனாலும் வோல்ட் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தார்ப்பாய் போட்டு மூடுவது உதவும், நம்பத்தக்கது இல்லை. விடிகாலை மங்கல் வெளிச்சத்திலேயே வோல்ட்டேஜ் எழுந்துவிடும். கண்ணாடி உடைந்த பேனலும் அப்படித்தான், செத்ததாக நினைத்து வெறுங்கையால் தூக்காதீர்கள்.

கனெக்டர் ஏற்கெனவே உருகிக் கறுத்திருந்தால், இரண்டு பாதியும் ஒரே தயாரிப்பா என்று பாருங்கள். வேறு வேறு தயாரிப்புகள் "கிளிக்" என்று பொருந்தும், உள்ளே உலோகம் சரியாகப் பிடிக்காது. பிரேக்கர் கறுத்திருந்தால் அது டிசிக்கு உரியதா, அதில் பிளஸ் மைனஸ் குறி இருந்தால் அதன்படி மாட்டப்பட்டதா என்று பாருங்கள். குறி உள்ள பிரேக்கரைத் திருப்பி மாட்டினால் சாதாரண நாளில் ஒழுங்காக வேலை செய்யும், லோடில் இறக்கும் நாளில் உள்ளேயே எரியும்.

காலையில் மட்டும் எர்த் ஃபால்ட், மத்தியானம் சரியாகிவிடுகிறது

பனியோ மழையோ நனைத்த கேபிளில் எங்கோ தோல் உரிந்து, மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது; இன்வெர்ட்டர் எர்த் ஃபால்ட் என்று காட்டுவது அதைத்தான். வெயிலில் காய்ந்ததும் இன்வெர்ட்டர் சமாதானமாகிவிடும். ரீசெட் செய்து செய்து ஓட்டுவதுதான் பலர் செய்வது. அந்த நேரத்தில் பேனல் சட்டத்திலேயே சப்ளை இருக்கலாம். ஈரக் கையோடு ஏணியையும் சட்டத்தையும் பிடித்து ஏறாதீர்கள்.

பழகியவர்கள் இடத்தைக் கண்டுபிடிக்கும் விதம் அழகானது. ஸ்ட்ரிங்கைத் தனியாகப் பிரித்து, பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கிறார்கள்: 120 வோல்ட். நெகட்டிவுக்கும் எர்த்துக்கும்: 280. பேனல் ஒன்றுக்கு 40 என்றால், பாசிட்டிவ் முனையிலிருந்து மூன்று பேனல் தாண்டி, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் போகும் வயரில்தான் உரசல். ஆனால் இது 1,000 வோல்ட் டிசிக்குத் தரம் உள்ள மீட்டரும் அதற்குரிய கையுறையும் இருப்பவர் வேலை. மீட்டரின் சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் குத்தியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அந்தத் துளையில் இருந்தால் மீட்டர் மீட்டராக இல்லை, ஒரு ஷார்ட் வயர்.

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் இன்வெர்ட்டருக்குள் வோல்ட் காட்டுகிறது

கெபாசிட்டர்கள், அதாவது நிறுத்திய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பாகங்கள். மூடியில் எத்தனை நிமிடம் காத்திருக்கச் சொல்லி எழுதியிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருங்கள். பிறகு மீட்டரைச் சப்ளை உள்ள ஓர் இடத்தில் வைத்துச் சோதித்து, இங்கே அளந்து, மறுபடி அதே இடத்தில் சோதியுங்கள். மீட்டரின் பேட்டரி தீர்ந்துபோய் பூஜ்யம் காட்டுவதும் உண்டு.

புகை வருகிறது

வெளியே வாருங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். வழியிலேயே இருக்கும் சுவிட்ச் என்றால் இறக்கலாம், தேடிப் போகாதீர்கள். தண்ணீர் வாளியோடு கூரையில் ஏற வேண்டாம். வண்டி வந்ததும் அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது மூன்று: கூரையில் பேனல் இருக்கிறது, பேட்டரி எந்த அறையில் எத்தனை இருக்கிறது, எந்த சுவிட்சை இறக்கினீர்கள், எதை இறக்கவில்லை.